இடது கால் முதலில்

அத்தியாயம் 9

“மன்னிச்சிட்டாங்களாம். அதைத்தாங்க என்னால தாங்க முடியல.”

தையல்காரி இதைச் சொல்லிவிட்டுப் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பினாள். மெஷின் மேல் நீல நிறத் திரைச்சீலை ஒன்று பாதி தைத்த நிலையில் கிடந்தது. அன்று மாலை திறக்கப்போகிற கண்காட்சியின் வாசலில் தொங்க வேண்டிய திரை அது. திருடி என்று ஊரே முடிவு கட்டிய பிறகும், கைநீட்டி ஏற்றுக்கொண்ட வேலையை விடாமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. “மன்னிச்சா நல்லதுதானேக்கா? எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து எங்க வீட்ல ஒரு தடவைகூட மன்னிச்சதில்ல.”

“மாப்ளே, கொஞ்சம் அந்த ஜன்னல் பக்கமா போய் நின்னுக்கிறீங்களா? அங்க காத்து நல்லா வருது” என்றார் அத்தை.

வாயை மூடு என்பதைத்தான் அத்தை இவ்வளவு மரியாதையாகச் சொன்னார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த மருமகனை ‘டா’ போட்டுத் திட்ட முடியுமா? அத்தை ஒரு காலத்தில் பெரிய ஜவுளிக்கடை வாசலில் நின்று, புடவையைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பிடித்தவர். ஆட்களைத் தொட்டுச் சோதிப்பது பிடிக்காமல் போய், அந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பினார். இருந்த வேலையும் போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, பை தூக்க வந்து அப்படியே ஒட்டிக்கொண்டார். அவர் செய்யும் ஒவ்வொரு அசட்டுத்தனத்துக்கும் ஒரு ‘ங்க’ போட்டுத் திட்டு விழும். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

“முதல்லேருந்து சொல்லுங்க. எது காணாமப் போச்சு?” அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தையல்காரி சொன்னாள். தங்கம் எடுத்த ஊர் இது. பூமிக்கு அடியில் மைல் கணக்கில் தோண்டித் தோண்டி, கடைசியில் தோண்டுகிற செலவுக்குக்கூடத் தங்கம் தேறாமல் கம்பெனி மூடிவிட்டுப் போனது. குழியில் இப்போது தண்ணீர் நிற்கிறது. மிச்சம் இருப்பது கழிவு மண் மேடுகளும் வரிசை வீடுகளும்தான். லாட்ஜ் நடத்துகிறவர் ஒரு குழு அமைத்து, அதற்குத் தலைவராகி, குழி வாசலில் இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து வாங்கிய பழைய விளக்கு அறையைக் கண்காட்சிக் கூடமாக மாற்றியிருக்கிறார். அங்கே பூட்டாத கண்ணாடிப் பெட்டியில் கொண்டைக்கடலை அளவில் கடைசியாக வார்த்த தங்கம் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை.

“குழியில வேலை செஞ்ச ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பருங்க. அந்த நம்பர் போட்ட பித்தளை வில்லை பலகையில தொங்கும். இறங்கும்போது ‘உள்ளே’ பக்கம் மாட்டுவாங்க. ஏறி வந்தா ‘வெளியே’ பக்கம். எங்கப்பா நானூத்திப் பதினேழு.”

“அந்த வில்லைதான் காணோம்?”

“ஆமாங்க. தங்கம் பக்கத்துலயே இருக்கு. அதைத் தொடல.”

மாப்பிள்ளை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். “தங்கத்தை விட்டுட்டுப் பித்தளையைத் தூக்கிட்டுப் போயிருக்கானா? பாவம், கண்ணாடி போட மறந்துட்டு வந்திருப்பான்.”

தையல்காரி சிரிக்கவில்லை. அவள் குழந்தையாக இருந்தபோது குழி சரிந்தது. தப்பியவர்கள் ஏறி வந்தார்கள். வராதவர்களின் வில்லைகள் ‘உள்ளே’ பக்கமே நின்றுவிட்டன. அவள் அப்பாவின் வில்லை மட்டும் ‘வெளியே’ பக்கம் இருந்தது. ஆள் வீடு வந்து சேரவே இல்லை. அந்தக் களேபரத்தில் தங்கத்தைச் சுருட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று கம்பெனி சொன்னது. ஊரும் அதையே சொன்னது. வில்லை வெளியே இருக்கும்போது யார் உள்ளே தேடுவார்கள்? அன்றிலிருந்து அவள் பெயர் திருடன் மகள்.

“எங்கம்மா சாகற வரைக்கும் கடைத்தெருவுல தலை நிமிர்ந்து நடந்ததில்லங்க. நான் அந்தக் கூடத்துக்குத் திரை அளவெடுக்கப் போவேன். போறப்பல்லாம் அப்பா வில்லையை ஒரு தடவை பாப்பேன். நேத்து பாத்தா ஆணி மொட்டையா இருக்கு. நான்தான் கத்துனேன். கத்துன என்னையே திருடின்னுட்டாங்க. அப்பன் பேரை மறைக்க எடுத்துட்டாளாம். தலைவர் பெரிய மனசு பண்ணி, ‘போகட்டும், மன்னிச்சிட்டோம்’னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கிட்டு நான் எப்படிங்க இந்த ஊர்ல இருக்கறது? சாயந்தரம் அந்தக் கூடம் திறக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. அதுக்கப்புறம் கதையே அதுன்னு ஆயிடும்.”

“சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட ஒண்ணு. தலைவர்கிட்ட ஒண்ணு. பழைய கேட்காரர்கிட்ட ஒண்ணு.”

அத்தை எழுந்தார்.

தலைவரை லாட்ஜ் வாசலிலேயே பிடித்தார்கள். வெள்ளைத் தாடி, கனத்த கண்ணாடி, நல்ல தொப்பை, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. புதிதாகக் கட்டிய இணைப்புக் கட்டடத்தைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனவர், வாசலில் ஒரு கணம் நின்றார். தடியைத் தூக்கி நிலைக்கு மேலே இரண்டு தட்டு தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு உள்ளே போனார்.

“என்ன அத்தை, கட்டடத்தைத் தேங்கா மாதிரி தட்டிப் பாக்கறாரு? இளநியா முத்தலான்னா?” என்று கிசுகிசுத்தார் மாப்பிள்ளை.

அத்தையின் புருவம் லேசாக ஏறி இறங்கியது.

“ஒரு பித்தளைத் துண்டுக்கு எதுக்கும்மா துப்பு?” தலைவர் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். “அந்தம்மா கஷ்டப்பட்டு வளந்தவ. ஏதோ புத்தி தடுமாறி எடுத்திருப்பா. விட்டுடலாம். நான் மன்னிச்சாச்சு.”

“எடுத்தது அவங்கதான்னு உங்களுக்கு நிச்சயமா?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற யாரு எடுப்பா?”

“நீங்க இந்த ஊர்தானா?”

“இல்லம்மா. நான் பிழைக்க வந்தவன். குழி மூடி ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் வந்தேன். குழிக்குள்ள எட்டிக்கூடப் பாத்ததில்ல. எனக்கு இருட்டுன்னாலே ஆகாது.”

வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: “மாப்ளே, ஜவுளிக்கடையில ஒண்ணு கத்துக்கிட்டேன். பொருளைப் பறிகொடுத்தவங்க கத்துவாங்க, குதிப்பாங்க. இவரு என்னடான்னா போகட்டும் போகட்டும்கறாரு.”

“பணக்காரங்க அப்படித்தான் அத்தை. நம்ம செருப்பு காணாமப் போனா நாமதான் தெருவையே ரெண்டாக்குவோம்.”

“அதுவும் சரிதாங்க. கூடத்துக்கு நடங்க.”

கூடத்துக்குப் போகிற வழியில் ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம். அவ்வளவுதான் ஊர். வரிசை வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. மனிதர் இருக்கிற வீடுகளில் வாசலுக்கு வாசல் ஈரத் துணி தொங்கியது. காற்றடித்தால் கழிவு மண் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்துவிடுமாம். மருந்து போட்டுத் தங்கம் பிரித்த மண். அதில் புல்கூட முளைப்பதில்லை. அந்த வெளுத்த மேடுகளை மறுபடி கரைத்தால் இன்னும் கொஞ்சம் தங்கம் வருமா என்று பார்க்க அவ்வப்போது யாராவது வந்து லாட்ஜில் தங்குகிறார்கள். ஊர் அவர்களை நம்பிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் வேலைக்கு வெளியூர் போகிற பெண்கள் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்றார்கள். நான்கு தெருக்கள் சேரும் இடத்தில் செத்தவர்களின் பெயர் பொறித்த கல் இருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் மட்டும் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

விளக்கு அறை என்பது நீளமான கல் கட்டடம். உள்ளே கேட்காரர் ஸ்டூல் மேல் நின்று பழந்துணியால் வில்லைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய உடம்பு. ஆனால் முதுகு வளையவில்லை. குழியிலிருந்து ஏறி வருகிறவர்களைச் சோதித்து வெளியே விடுவது அந்தக் காலத்தில் அவர் வேலை. தையல்காரி திரையை மாட்ட முன்னமே வந்திருந்தாள். அவள் இருக்கிற பக்கமே அவர் திரும்பவில்லை.

பலகை சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. வலது பாதியில் ‘வெளியே’. அங்கே வில்லைகள் பளபளவென்று வரிசையாகத் தொங்கின; நடுவில் ஒரு ஆணி மட்டும் மொட்டை. இடது பாதியில் ‘உள்ளே’. அங்கே தொங்கியவை செத்தவர்களுடையவை. அவற்றை யாரும் துடைப்பதில்லை போலிருக்கிறது. பச்சை பூத்துக் கிடந்தன.

“அந்தப் பக்கம் ஏன் பெரியவரே துடைக்கல? கூலி பாதிதான் பேசுனாங்களா?” என்றார் மாப்பிள்ளை.

“அதை யாரும் தொட மாட்டாங்க தம்பி. பாக்கக்கூட மாட்டாங்க. எங்க ஊர்ல அப்படித்தான்.”

மேல் ஜன்னல் வெயில் ‘உள்ளே’ பக்கத்தில் எதிலோ பட்டு மாப்பிள்ளையின் கண்ணைக் கூச வைத்தது. அவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். யாரும் பார்க்காத பக்கத்தைத் தான் மட்டும் எதற்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

“வில்லை எப்படிப் போயிருக்கும்னு நினைக்கிறீங்க?” அத்தை கேட்டார்.

“நினைக்க என்ன இருக்கு? அப்பன் புத்தி.” கேட்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். “என் காலமா இருந்தா அந்தச் சோதனைப் பலகை மேல நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல எடுத்திருப்பேன். எங்கிட்டேருந்து ஒரு குந்துமணித் தங்கம் போனதில்ல.”

அவர் காட்டிய இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து சற்றே உயர்ந்த ஒரு மரப்பலகை இருந்தது. எத்தனையோ கால்கள் நின்று நின்று நடுவில் குழிந்து போயிருந்தது.

மாப்பிள்ளைக்கு நாக்கு அரித்தது. “அதுக்கென்ன, இப்பவும் நிக்க வைங்களேன். சாயந்தரம் கூட்டத்துக்குக் காட்டினா டிக்கெட் போட்டே வசூல் பண்ணலாம்.”

கேட்காரர் அதை ஒரு உத்தரவாகவே எடுத்துக்கொண்டார் போலிருந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தையல்காரியைப் பார்த்து விரலால் பலகையைக் காட்டினார். “ஏறும்மா.”

“ஐயோ, வேணாம் பெரியவரே, நான் விளையாட்டுக்குச் சொன்னேன்...” என்று மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்து, தானே பலகை மேல் ஏறி நின்றுகொண்டார். “முதல்ல என்னைப் பாருங்க. இந்தாங்க!” இரண்டு பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்தார். பஸ் டிக்கெட்டும் நசுங்கிய பெப்பர்மின்டும் கீழே விழுந்தன.

“பாக்கெட்டா?” கேட்காரர் ஏளனமாகப் பார்த்தார். “குழியிலேருந்து வர்றவனுக்கு ஏது பாக்கெட்டு? பாக்கெட் இல்லாமத்தான் சட்டையே தைக்கணும். முதல்ல இடது கால். உள்ளங்காலைக் காட்டி, குதிகாலைப் பலகையில ரெண்டு தட்டு. ஒட்டியிருக்கிற மண்ணு விழணும், தங்க மண்ணு. அப்புறம் வலது கால். அப்புறம் விரலை விரிக்கணும். காதுக்குப் பின்னால. கடைசியா வாய். நாக்கை மேல தூக்கணும்.”

“இந்த வரிசை கம்பெனி போட்டதா?” என்றார் அத்தை.

“நான் போட்டது. வேற கேட்டுல வேற மாதிரி. என் பலகையில நின்னவனுக்குத்தான் இது தெரியும்.”

“இறங்குங்க தம்பி” என்றாள் தையல்காரி.

“அக்கா, நான் சும்மாதான்...”

“நீங்க சும்மா சொன்னீங்க. எங்கப்பா தினமும் நின்னாரு.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இடது உள்ளங்காலைக் காட்டினாள். குதிகாலைத் தட்டினாள். வலது கால். விரல்கள், ஊசி குத்திக் குத்தி நுனியெல்லாம் கறுத்திருந்தன. கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். வாயைத் திறந்தாள். நாக்கை மேலே தூக்கியபோது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாப்பிள்ளை கீழே கிடந்த பெப்பர்மின்டைப் பார்த்தார். அதைக் குனிந்து எடுக்கவும் வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணை இப்படி நிறுத்தியது தன்னுடைய வாய்தானே என்ற நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது.

“போ” என்றார் கேட்காரர், பழைய பழக்கத்தில்.

அத்தையின் முகம் இறுகியிருந்தது. ஆனால் குரல் சாதாரணமாக வந்தது. “பெரியவரே, குழி சரிஞ்ச அன்னைக்கும் இப்படித்தான் எல்லாரையும் சோதிச்சு விட்டீங்களா?”

“ஒருத்தர் விடாம.”

“உயிருக்குப் பயந்து ஓடி வர்றவங்களை நிறுத்தி, இடது கால், வலது கால்னு?”

கேட்காரர் ஏற்கெனவே பளபளத்த ஒரு வில்லையை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். “ஆமா.”

“நானூத்திப் பதினேழையும்?”

“ஆமா. விளக்கைக் குடுத்தான். விளக்கிலயும் அதே நம்பர் இருக்கும். நம்பரைப் பாத்து நான்தான் வில்லையை வெளிய மாட்டுனேன்.”

“முகத்தைப் பாத்தீங்களா?”

தேய்க்கிற கை நின்றது. “முகமெல்லாம் கரியும் மண்ணுமா... விளக்கு அவனுதுதான்.”

“நான் கேட்டது முகத்தை.”

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே ஒரு சத்தம் கேட்டது. கதவு நிலைக்கு மேலே இரண்டு தட்டு. சற்று நிசப்தம்.

மாப்பிள்ளைக்குத் தேங்காய் ஞாபகம் வந்தது. ஆனால் கேட்காரர், யாரோ பெயர் சொல்லி அழைத்த மாதிரி, தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் உள்ளே வந்தார். “ஆச்சாம்மா? ஜனங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. திரையை மாட்டினா திறந்துடலாம்.”

“ஒரு நிமிஷம் தலைவரே. சாவி வச்சிருக்கிற எல்லாரையும் சோதிச்சிட்டா எனக்கு வேலை முடிஞ்சுது. அந்தம்மா நின்னுட்டாங்க. கேட்காரரை நான் பாத்துக்கறேன். நீங்களும் அந்தப் பலகையில ஒரு தரம் ஏறிட்டா, நான் பஸ்ஸைப் பிடிச்சிடுவேன்.”

“என்னையுமா?” தலைவர் சிரித்தார். சிரிப்பு நீண்ட நேரம் இருந்தது. “சரி, எனக்கென்ன.”

தடியைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார். பலகை மேல் ஏறினார். ஏறியதும் அந்தப் பெரிய உடம்பு எப்படியோ சுருங்கியது. பார்வை நேரே எதிர்ச்சுவருக்குப் போனது. எதை முதலில் காட்ட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இடது காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார். குதிகாலால் பலகையை இரண்டு தட்டு தட்டினார். வலது கால். பத்து விரலையும் விரித்தார். இரண்டு காதுகளையும் முன்னால் மடக்கினார். வாயை அகலத் திறந்து நாக்கை மேலே தூக்கினார்.

“போ” என்றார் கேட்காரர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கையிலிருந்து துணி நழுவி விழுந்தது.

“குழிக்குள்ள எட்டிக்கூடப் பாத்ததில்லன்னீங்க” என்றார் அத்தை மெதுவாக. “எங்க மாப்ளே ஏறினப்ப முதல்ல பாக்கெட்டை இழுத்துக் காட்டினாரு. எந்த மனுஷனும் அதைத்தான் செய்வான். நீங்க பாக்கெட் பக்கமே போகல. இடது காலைத் தூக்கினீங்க. வாசலுக்கு வாசல் மேல தட்டிப் பாக்கறீங்களே, அது எதுக்கு? பெரியவரே, நீங்க சொல்லுங்க.”

“பாறை கெட்டியா இருந்தா ஒரு சத்தம், விழப்போகுதுன்னா ஒரு சத்தம்.” கேட்காரரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அதைத் தட்டிப் பாக்காம எங்காளுங்க எவனும் அடியெடுத்து வைக்க மாட்டான்.”

தலைவர் இன்னும் பலகை மேலேயே நின்றிருந்தார். இறங்க மறந்துவிட்டவர் போல நின்றிருந்தார்.

“மாப்ளே, இத்தனை நேரம் எல்லாரும் மொட்டை ஆணியையே பாத்துக்கிட்டிருக்கோம். அந்தப் பக்கம் பாருங்க. யாரும் துடைக்காத பக்கத்துல ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு இருக்கா?”

மாப்பிள்ளை ‘உள்ளே’ பக்கம் போனார். கண்ணைக் கூச வைத்தது இதுதான். வந்தவுடனே பார்த்திருக்க வேண்டியது, தள்ளி நின்றுகொண்டார். பச்சை பூத்த வில்லைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது. எண் தெரியாமல் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தது. திருப்பினார்.

“நானூத்திப் பதினேழு” என்றார்.

தையல்காரி ஓடிவந்து அதைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

“வில்லையை யாரும் திருடல” என்றார் அத்தை. “இடம் மாத்தி மாட்டியிருக்காங்க. இந்த ஆணியில முன்னாடி இருந்த வில்லைதான் இப்ப காணோம். அது யாரோடது தலைவரே?”

தலைவர் சட்டைப் பாக்கெட்டில் கைவிட்டார். பச்சை பூத்த வில்லை ஒன்றை எடுத்தார். எழுபத்து மூன்று.

“அந்த நம்பர் பேரு கல்லுல இருக்கு” என்றார் கேட்காரர். “சின்னப் பையன். செத்துட்டான். அவங்கம்மா அந்தக் கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு...”

“தெரியும்” என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு அவர் பேசியது யாரிடம் என்று சொல்ல முடியாது. காலடியில் இருந்த பலகையைப் பார்த்துப் பேசினார்.

“கல்லு விழுந்ததுல என் விளக்கு போயிடுச்சு. இருட்டுல கத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அவருதான் தடவித் தடவி வந்தாரு. தன் விளக்கைக் கழட்டி என் தலையில மாட்டி, ‘ஓடு, நான் கால் மாட்டிக்கிட்ட இன்னொருத்தனை இழுத்துட்டு வரேன், மேல போய் ஆள் அனுப்பு’ன்னாரு. ஓடி வந்தேன். ஆள் ஏத்துற கூண்டுல ஏறி மேல வந்தேன். கேட்டுல சோதனை இல்ல, எல்லாரையும் தள்ளி விட்டுக்கிட்டிருந்தாங்க. இவரு என் தலையிலேருந்து விளக்கைப் பிடுங்கி, நம்பரைப் பாத்து, வில்லையை மாட்டிட்டாரு.”

“நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே, உள்ள ஆள் இருக்குன்னு” என்றார் அத்தை.

தலைவரின் விரல் உதட்டைத் தொட்டது.

“நாக்குக்கு அடியில தங்கம் இருந்துச்சு. ஒரு பட்டாணி அளவு. அன்னைக்குக் காலைலதான் பாறை இடுக்குல கிடைச்சுது. வாயைத் தொறந்தா தெரிஞ்சு போயிடும்னு...” அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “கேட்டைத் தாண்டித் துப்பிட்டு வந்து சொல்லலாம்னுதான் ஓடினேன். சத்தியமா. ஓடினவன் நிக்கல. மறுநாள் நான் செத்துட்டேன்னு பேசிக்கிட்டாங்க. அவர் ஓடிட்டார்னு பேசிக்கிட்டாங்க. திரும்பி வர முகமில்ல. வந்தப்ப வேற ஆளா வந்தேன். அவரை வெளிய மாட்டி வச்ச பலகையைத் திறந்து வைக்க மட்டும் எனக்குக் கை வரல. அதான் மாத்தினேன்.”

“மாத்தினீங்க. இந்தம்மாவைத் திருடின்னப்ப?” என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் விளையாட்டு ஒரு துளிகூட இல்லை.

“மன்னிச்சேன்னேன்” என்றார் தலைவர். அதைச் சொல்லும்போது அவர் தலை மார்பில் விழுந்துவிட்டது.

கேட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “அன்னைக்கு ஒருத்தனையும் நான் சோதிக்கல” என்றார். “ஒருத்தன் முகத்தைப் பாக்கலன்னு சொன்னா, யாரையுமே சோதிக்கலன்னு தெரிஞ்சிடும். வேலை போயிடும். அவன் ஓடிட்டான்னு கம்பெனி சொன்னதும் ஆமான்னுட்டேன். அப்புறம் அதையே நானும் நம்பிட்டேன்.” குனிந்து, கீழே விழுந்த துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தையல்காரி அப்பாவின் வில்லையை எண் தெரியும்படி அதே ஆணியில் மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தாள். பிறகு தலைவர் நின்ற பலகையிடம் வந்து கையை நீட்டினாள். தலைவர் எழுபத்து மூன்றைக் கொடுத்தார்.

“எங்கம்மா செத்த அன்னைக்குக்கூட யாரும் தூக்க வரல” என்றாள். “இப்ப என் முன்னாடி தொறந்து காட்டுனீங்களே, அந்த வாயை அன்னைக்குத் தொறந்திருக்கலாம். இல்லாட்டி நேத்தாவது தொறந்திருக்கலாம்.”

அவள் ‘வெளியே’ பக்கம் போய், மொட்டை ஆணியில் அந்தப் பச்சை வில்லையை மாட்டினாள். பளபளக்கிற வில்லைகளுக்கு நடுவில் அது அழுக்காகத் தொங்கியது.

“துடைக்கட்டுமாக்கா?” என்றார் மாப்பிள்ளை. ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும் போல அவருக்கு இருந்தது.

“வேணாம் தம்பி. அப்படியே இருக்கட்டும். வர்றவங்க கேக்கட்டும், அது யாரோடதுன்னு.” அவள் நீலத் திரையை எடுத்துக்கொண்டாள். “தலைவரே, நீங்கதானே திறந்து வைக்கிறதா இருந்தது? வாங்க.”

தலைவர் பலகையிலிருந்து இறங்கினார். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. தடியை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார். மாப்பிள்ளை தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தார். வெளியே ஊர் முழுவதும் நின்றது. முன்வரிசையில் பழைய குழிக்காரர்கள், இருமிக்கொண்டு, மகன்களின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேச்சு அடங்கியது.

வாசலைத் தாண்டுவதற்கு முன் தலைவரின் கை தானாகவே உயர்ந்தது. தடி நிலைக்கு மேலே இரண்டு தட்டு தட்டியது. தலை சாய்ந்தது.

முன்வரிசை முழுவதும் அவரை உற்றுப் பார்த்தது. ஒரு கிழவர் தன் மகனின் தோளை விட்டுவிட்டு, இரண்டடி முன்னால் வந்தார்.

“எந்த ஷிப்டுப்பா நீ?”

திரையைக் கையில் பிடித்தபடி தையல்காரி காத்திருந்தாள்.

தலைவர் வாயைத் திறந்தார்.